விமானத்தின் விசிறியில் கட்டிய சிவப்புத் துணி

இருபது வருடம் என்னைப் பேச வைக்கப் பாடுபட்டு, நான் வாய் திறக்கத் தொடங்கும் நேரத்தில் கிளம்பிப் போய்விட்ட என் அண்ணிக்கு,

நலமா என்று கேட்க வேண்டும். அங்கே நலம் என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறது என்று நீங்கள் நம்பினீர்கள், நான் நம்பவில்லை, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு விமானம் விழுந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

பயப்படாதீர்கள், யாரும் சாகவில்லை. அது பெரிய விமானமும் இல்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் பயிற்சி விமானம். உள்ளே இருந்தது ஒரே ஒரு பெண். சந்துனி என்று பெயர், இருபத்திரண்டு வயது. கீழ்நாட்டிலிருந்து தனியாகப் பறந்து திரும்ப வேண்டிய பயிற்சி அது. மேகத்துக்கு ஒதுங்குகிறேன் என்று பள்ளத்தாக்கு வழியே மலைக்குள் வந்துவிட்டாள். நம் தோட்டத்துக்கு மேலே வரும்போது எஞ்சின் இருமி, திக்கி, நின்றுபோனது. அவள் எப்படியோ நம் வீடுகள் இருக்கும் லயத்துக்குக் கீழே பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானத்தைக் கண்டுபிடித்து இறக்கிவிட்டாள். ஓர் இறக்கை கோல் கம்பத்தில் உரச, விமானம் மைதானத்தையும் தாண்டி ஓடி, அண்ணனின் காய்கறித் தோட்டத்து லீக்ஸ் பாத்தியில் மூக்கைக் குத்தி நின்றது. அவளுக்கு நெற்றியில் ஒரு வெட்டு. பலத்த சேதம் லீக்ஸுக்குத்தான்.

எனக்குச் செய்தி சொன்னது உங்கள் பக்கத்து வீட்டுப் பார்வதியக்கா. போனை எடுத்ததும் ஒரே கத்தல். "மல்லிகா, ஒடனே பொறப்பட்டு வா! ஒங்க அண்ணன் தோட்டத்துல பிளேனு மொளச்சிருக்கு!"

நான் படிப்பிக்கும் டிக்கோயாவில் பஸ் பிடித்து நான் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. வழியில் மண் சரிந்திருந்ததால் பொலிஸ்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. அதற்குள் நம் ஆட்கள் வேலையை முடித்திருந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, விமானத்தைச் சேறு போகக் கழுவி வைத்திருந்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். மூக்கில் சந்தனம், குங்குமம். வளைந்துபோன விசிறியில் ஒரு சிவப்புத் துணி, இறுக்கி முடிச்சுப் போட்டபடி.

"ஏன்க்கா இதெல்லாம்?" என்று பார்வதியக்காவிடம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளையோட உசிரக் காப்பாத்துன வண்டி புள்ள. அத அப்படியே சேறும் சகதியுமா வெளியூரு ஆளுங்க பாக்க வுடலாமா? நம்ம மானம் என்னாவுறது?"

நீங்கள் இருந்திருந்தால் கோலமும் போட்டிருப்பீர்கள்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, விசாரணை செய்கிறவர்கள் வந்தார்கள். தலைமை அதிகாரி நரைத்த தலைக்காரர், பொறுமைசாலி, தமிழ் தெரியாது. சிங்களத்தில் மொழிபெயர்க்க நான் நின்றேன். கழுவித் துடைத்த விமானத்தைப் பார்த்ததும் அவர் இரண்டு நிமிடம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சோடு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

காரணம் சொல்ல நம் ஆட்களிடம் பஞ்சமா? தேயிலை ஸ்டோரில் மெசின்களைக் காக்கும் ரோதமுனி சாமிக்கு இந்த வருடம் பூசை தள்ளிப்போனது ஒரு காரணம். மைதானத்து ஓரத்து மரத்தை வெட்டியது இன்னொரு காரணம். பொம்பளைப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருப்பாள் என்பது பார்வதியக்காவின் காரணம். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், சிரிக்கவே இல்லை. தங்கள் தொழிலில் யாரும் 'இதுதான் காரணம்' என்று எழுதுவதில்லை, 'சாத்தியமான காரணம்' என்றுதான் எழுதுவோம் என்றார். அண்ணி, எனக்கு ஓர் ஆளைப் பார்த்த முதல் நாளிலேயே பிடித்துப்போவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும்.

அவருடைய சாத்தியமான காரணம் ஐஸ். ஈரக் காற்று கார்புரேட்டருக்குள் போகும்போது பெட்ரோல் ஆவியாகி அதைக் குளிரவைக்கும், வெளியில் பனி விழாத நாளிலும் உள்ளே ஐஸ் கட்டிக் காற்று போகும் வழியை அடைக்கும். நம் மலை மூட்டம் அதற்குத் தோதானது. சின்ன விமானங்கள் பல இப்படி விழுந்திருக்கின்றன, தரையில் வந்து நின்றதும் ஐஸ் உருகிவிடுவதால் சாட்சியும் மிஞ்சாது என்றார். பௌதிகம் படிப்பிக்கிறவள் நான், உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு விளங்க வைக்க நான் திணறியபோது பார்வதியக்கா முந்திக்கொண்டார்.

"அட, குளிருல மூக்கடச்சிருக்கு! ஆவி புடிச்சா சரியாப் போயிருக்கும்."

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். விமானத்துக்கும் ஆவி பிடிக்க ஒரு வழி உண்டாம். ஒரு குமிழை வெளியே இழுத்தால் எஞ்சினின் சூட்டுக் காற்று உள்ளே போய் ஐஸை உருக்கும்.

அங்கேதான் சிரிப்பு நின்றது. விமானி உட்காரும் இடத்துக்கு முன்னால் மூன்று குமிழ்கள் உண்டு. ஒன்று சூட்டுக் காற்றுக்கு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. எஞ்சின் நின்று இறங்கும்போது மூன்றும் வெளியே இழுத்தபடி இருக்க வேண்டும். அவர் பார்த்தபோது மூன்றும் உள்ளே இருந்தன. அந்தப் பெண் ஒன்றுமே செய்யாமல் உறைந்துபோயிருக்கிறாள் என்றுதான் அர்த்தம். 'பயத்தில் மறந்திருப்பாள்' என்று அவளுடைய பயிற்சியாளரும் போனில் சொல்லிவிட்டார். அறிக்கையில் அப்படி எழுதப்பட்டால் அவளை இனி யாரும் தனியாகப் பறக்க விடமாட்டார்கள்.

சந்துனி நெற்றியில் பிளாஸ்டரோடு லீக்ஸ் பாத்தி ஓரத்தில் நின்றாள். அழவில்லை. "மூன்றையும் இழுத்தேன் மிஸ். என் கைக்கு ஞாபகம் இருக்கிறது" என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னாள். கையின் ஞாபகத்தை எந்த அறிக்கையில் எழுதுவார்கள்?

விமானத்துக்குள் யாராவது கை வைத்தார்களா என்று அதிகாரி கேட்டார். நான் கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. அண்ணன் முறிந்த லீக்ஸை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். விசிறியில் உள்ள துணி என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது அண்ணி. எலுமிச்சம்பழம், குங்குமம், இப்போது இதுவும். யாரையும் கேட்காமல் நானே பதில் சொல்லிவிட்டேன்: "அது நேர்த்திக்கடன். கும்பிடுகிற விஷயம்." அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அன்றும் அண்ணன் வீட்டில் தங்கினேன். திங்கட்கிழமை காலை அவர் போனை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதைக் கொடுக்க அவர் வேலை செய்யும் தேயிலை ஸ்டோருக்குப் போனேன். இதே தோட்டத்தில் பிறந்தவள், ஆனால் அந்த ஸ்டோருக்குள் இரண்டு மூன்று தடவைக்கு மேல் நான் போனதில்லை. படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அப்போது வெளியிலேயே நிறுத்தினார்கள், பிறகு நானாக வெளியிலேயே நின்றுகொண்டேன்.

கொழுந்தை உருட்டும் மெசின்களான ரோதைகளில் ஒன்று நின்றிருந்தது. அதன் கைப்பிடிகள் எல்லாம் உள்ளே தள்ளப்பட்டிருந்தன. சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணி, அதே முடிச்சோடு.

"அண்ணே, இது என்ன, நேர்த்தியா?"

"நேர்த்தியா? மெசினு தானா நின்னுச்சின்னா மொதல்ல கைப்புடி எல்லாத்தையும் உள்ள தள்ளணும். அப்புறம் துணியக் கட்டணும். அதுக்கப்புறந்தான் ஆளு கிட்ட போவணும். தெரியாம எவனாச்சும் ஸ்டார்ட்டு பண்ணிப்புட்டா வெரலு போயிரும்ல? இங்க பழக்கமே அதான்."

சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"பிளேன்லயும் நீங்கதானா?"

"புள்ளயத் தூக்கி வெளிய வுட்டேன். பெட்ரோலு வாடை குப்புனு அடிச்சிச்சு. நெருப்புப் புடிச்சிருமேன்னு சாவியத் திருப்பி ஆஃப் பண்ணேன். மூணு குமிழு வெளிய நீட்டிக்கிட்டு இருந்திச்சு. தள்ளிட்டேன். துணியக் கட்டிட்டேன். கையி தானாச் செஞ்சிருச்சு மல்லிகா."

"ஏன்ணே நேத்துச் சொல்லல? அந்தப் புள்ளயோட பொழப்புப் போகுதே!"

"குமிழுலதான் வெவகாரம்னு எனக்கு எங்க வெளங்கிச்சு? நீயும் அந்த ஐயாவும் சிங்களத்துலயே பேசிக்கிட்டீங்க. அப்புறம் 'உள்ள கை வச்சது யாரு'ன்னு கேட்ட பாரு, பொலிசுக்காரன் தோத்தான்! உள்ள போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன். துணியக் கேட்டப்ப நீயே சாமி விசயம்னுட்ட. படிச்ச புள்ள சொல்லுது, அப்படியே இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

சந்தேகப்படுவதே என் குணம் என்று உங்களிடம் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன்? என்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன் போல. அண்ணன் ஸ்டோரில் எஞ்சின் பார்ப்பவராக முப்பது வருடமாகச் செய்யும் வேலையின் ஒழுங்கைக் கண்ணால் பார்த்தும் மூடநம்பிக்கை என்று எழுதவைத்தவள் நான்தான். நீங்கள் இருந்திருந்தால் அவரை ஒரே அதட்டில் பேச வைத்திருப்பீர்கள். நான் முழுக் கூட்டத்தையும் ஊமையாக்கினேன்.

அன்றே அரை நாள் லீவு போட வைத்து அவரை ஹட்டனுக்குக் கூட்டிப்போனேன். தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வழி முழுக்க, "பத்து நாளு உள்ள இருந்தா லீக்ஸுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டபடி வந்தார்.

அதிகாரி தங்கியிருந்த விடுதி வாசலில் வைத்து நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அவர் சொல்லட்டும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்."

அண்ணன் சொன்னார். மெசின் விஷயம் என்றதும் பயம் எங்கே போனதோ! "ஒண்ணு செவப்பு. ரெண்டு கறுப்பு, பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. சின்னது வெளிய இத்தாம் பெருசு நீட்டிக்கிட்டு இருந்திச்சு" என்று இரண்டு விரலை அடுக்கிக் காட்டினார். "அதோட கம்பி லேசா வளஞ்சிருந்திச்சு ஐயா. நேராப் போவல. திருகித் திருகித்தான் உள்ள தள்ளுனேன்."

அந்தச் சின்னதுதான் சூட்டுக் காற்றுக் குமிழ். அதிகாரி எழுந்தார். எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். விமானத்துக்குள் தலையை விட்டு அந்தக் குமிழை மெதுவாக இழுத்தார். பாதியில் சிக்கி, திருகியதும் வெளியே வந்தது. கம்பியில் வளைவு, அதன் மேல் புதிதாகத் தேய்ந்த கோடு. உள்ளே இருந்திருந்தால் கம்பி அப்படி வளைய வழியே இல்லை, விமானம் மோதும்போது அது வெளியில்தான் நீட்டிக்கொண்டிருந்தது என்றார்.

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே சந்துனிக்கு அவர் போன் போட்டார். மறுமுனையில் அவள் அழுதது எங்களுக்கும் கேட்டது. முந்தைய நாள் அழாமல் நின்றவள்.

"உள்ள போடுவாங்களான்னு கேளு" என்று அண்ணன் என் முழங்கையைச் சுரண்டினார். கேட்டேன். அதிகாரி அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல பழக்கம் வைத்திருக்கிறீர்கள். அடுத்த தடவை விமானம் விழுந்தால் துணியை மட்டும் கட்டுங்கள்."

"அடுத்த தடவையா? இருக்கிற மிச்ச லீக்ஸும் போயிருமே ஐயா!"

சில மாதம் கழித்து, போன வாரம்தான் அறிக்கையின் பிரதி வந்தது. சாத்தியமான காரணம்: கார்புரேட்டரில் ஐஸ். மூட்டம் நிறைந்த பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது விமானியின் தவறு, சூட்டுக் காற்றைத் திறந்தார், ஆனால் தாமதமாகத் திறந்தார் என்றும் இருக்கிறது. அவள் அதை மறுக்கவில்லை. மறுபடி கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு இப்போது தனியாகப் பறக்கிறாள். துணியைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் முதலில் தவறான விளக்கம் அளித்தார் என்று ஒரு வரி உண்டு. அதைப் போடச் சொல்லிக் கேட்டது நான்தான்.

அண்ணனுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். 'உதவிக்கு வந்த குடியிருப்பாளர் ஒருவர், தமது தொழிலிடப் பாதுகாப்பு வழக்கப்படி...' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"பேரு போடலியா?"

"போட மாட்டாங்கண்ணே."

"எஞ்சின் பாக்குறவருன்னாச்சும் போட்டிருக்கலாம்."

ஜெயிலுக்குப் போகிறேன் என்று நடுங்கிய மனிதர் அண்ணி இவர்! பார்வதியக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து சந்துனி போன் பண்ணினாள். அன்று காலை பறந்து இறங்கினாளாம். அண்ணன் என்னிடமிருந்து போனைப் பறிக்காத குறைதான். "மேகத்தப் பாத்ததும் குமிழ இழுத்தியான்னு கேளு, கேளு." கேட்டேன். "மேகத்தைப் பார்க்கும் முன்பே இழுத்தேன் என்று மாமாவிடம் சொல்லுங்கள்" என்றாள்.

நீங்கள் கேட்டிருப்பீர்களா இதையெல்லாம்? தெரியவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாருக்காக மொழிபெயர்த்தாலும், அவர்கள் வாய் திறக்கும் முன் அவர்களுக்காகப் பதில் சொல்ல மாட்டேன். ஞாயிறுதோறும் அண்ணனிடம் வந்து, அவர் ஸ்டோரில் செய்யும் ஒவ்வொன்றையும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். போன ஞாயிறு தொடங்கிவிட்டேன். மூன்று மணி நேரம் பேசினார். இன்னும் முதல் மெசினைத் தாண்டவில்லை.

அன்புடன்,
உங்கள் கணவரின் தங்கை, உங்கள் ஒரே நாத்தனார்,
மல்லிகா