தாடிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே

நவம்பர் 4, செவ்வாய்

மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறந்து அலமாரியைத் துடைத்தால் துணி கறுப்பாக வந்தது. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையின் பலகை தெரியவே இல்லை. புகைக்காலம் தொடங்கிவிட்டது.

காலையில் வந்தவர்களில் பாதிப் பேர் பாடியது ஒரே பாட்டு. "திடீர்னு எல்லாம் மங்கலாத் தெரியுதும்மா." ஒரு பெரியவரை வாசலுக்கு அழைத்துப்போய், "ஐயா, உங்க கண்ணுல கோளாறு இல்ல, ஊரே மங்கலாத்தான் இருக்கு" என்று காட்டி அனுப்பிவிட்டேன். முதலாளி முறைத்தார். வருகிற வியாபாரத்தை வாயாலேயே துரத்துகிறேனாம்.

எனக்கு வேறு கவலை. என் வீட்டுக்காரர் தெருவிளக்குப் பழுது பார்க்கிறவர். வண்டியின் நீண்ட இரும்புக் கையின் முனையில் ஒரு கூடை இருக்கும். அதில் நின்றுகொண்டு பகலெல்லாம் புகைக்குள் தலையை விட்டிருக்க வேண்டும். போன புகைக்காலத்தில் இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார். "இன்னொரு வருஷம் இதே மாதிரி வந்தா உங்க ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துருவேன் சார். ஸ்டோர்ல உக்காந்து பல்பை எண்ணிக்கிட்டு இருங்க." மேலே ஏறாத வேலை இவருக்கு ஒரு வேலையே இல்லை.

ஆகவே இந்த வருடம் மாஸ்க். தேர்ந்தெடுக்கப் போவது நான். காலமெல்லாம் மூக்கைப் பார்த்துக் கண்ணாடி பொருத்துகிறவளுக்கு ஒரு மாஸ்க் பொருத்தத் தெரியாதா என்ன?

நவம்பர் 6, வியாழன்

நடைபாதைக் கடைக்காரன் ஒரு துணி மாஸ்க்கை "ஏழடுக்கு அக்கா, எமனே வந்தாலும் உள்ள வர முடியாது" என்று என் தலையில் கட்டினான். வீட்டில் கத்தரித்துப் பார்த்தேன். இரண்டடுக்குதான். மீதி ஐந்தும் அவன் வாயில் இருந்திருக்கிறது.

விடுதியில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "துணி, நீலக் கலர் ஆஸ்பத்திரி மாஸ்க், ரெண்டுமே இந்தப் பொடிப்புகைக்குப் பத்தாதும்மா. என்-95னு போட்டது வாங்கு. காத்து அந்த மாஸ்க் வழியாத்தான் உள்ள போகணும், ஓரத்துல நுழையக் கூடாது" என்றாள். ஓரம்தானே? அது என் தொழில்.

நவம்பர் 9, ஞாயிறு

மருந்துக்கடையில் நல்லதாகவே ஒரு டப்பா கிடைத்தது. இவரை நாற்காலியில் உட்காரவைத்து, கடையில் வாடிக்கையாளரை வைத்துச் செய்வது போலவே செய்தேன். மூக்குக் கம்பியை இரண்டு விரலால் ஒரே கிள்ளு. காதுப்பக்கத்து எலாஸ்டிக் கொஞ்சம் இறுக்கமாகப்பட்டது, இழுத்து இளக்கிவிட்டேன். என் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: முகத்தில் தடம் விழக் கூடாது. தடம் விழுந்தால் பொருத்தியவள் மட்டம் என்று அர்த்தம்.

"எப்படி இருக்குங்க?"

"மாட்டின மாதிரியே தெரியல" என்றார் தாடியைத் தடவிக்கொண்டே. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இவருடைய தாடியைப் பற்றி இங்கே எழுதியதில்லை, ஏனென்றால் அது எப்போதும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோதே இருந்தது. அதற்குள் இருக்கும் தாடையை நான் பார்த்ததே கிடையாது. கூட வேலை செய்கிறவர்களுக்கு இவர் பெயரே 'தாடி'தான்.

நவம்பர் 12, புதன்

இன்று நான் செய்த காரியத்தை மகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. மாஸ்க் அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டு அலசி, காலுறைகளுக்குப் பக்கத்தில் கொடியில் காயப் போட்டேன்.

"துவைச்சியா? அதையா? அம்மா, துவைச்சா அதோட சக்தியே போயிடும்மா." பின்னால் அறைத்தோழிகள் சிரிப்பதுகூடக் கேட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை. "சுத்தமாத்தானே இருக்கு" என்று அதையே மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். பிடுங்கிப் புதியதைக் கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

எழுதினால் பயம் அடங்கும் என்று பார்க்கிறேன்.

மத்தியானம் இவருடைய வண்டி ஓட்டுநர் கடைக்குப் போன் செய்தார். "அக்கா, பயப்படாதீங்க. தாடி அண்ணன் பாதியிலயே கூடையை இறக்கச் சொல்லிட்டாரு. மூச்சு வாங்குது." பயப்படாதீங்கன்னா எப்படிப் பயப்படாம இருக்கறது? ஒரு வாடிக்கையாளரை மூக்கில் பாதி பொருத்திய ஃப்ரேமோடு அப்படியே விட்டுவிட்டு, ஓட்டுநர் சொன்ன தெருவுக்கு ஓடினேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கயிறு போட்டு இழுப்பது போல இழுத்துக்கொண்டிருந்தார். மாஸ்க் கழுத்தில் தொங்குது. நான் பொருத்தின மாஸ்க். என்னத்தைப் பொருத்தினேன் நான்? என்ன பெரிய கெட்டிக்காரி நான்?

மருந்தை உறிஞ்சிய பிறகு தணிந்தது. இப்போது தூங்குகிறார். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் இருந்தார். நல்ல வேளை. இவரை மூச்சை அளக்கும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, முள் நின்ற இடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு, "மாஸ்க்கை எப்படி மாட்டுறீங்க, காட்டுங்க" என்றார். நான் முந்திக்கொண்டு மாட்டிக் காட்டினேன். கிள்ளு, இளக்கு, தடம் இல்லை.

டாக்டரம்மா குனிந்து ஓரத்தைப் பார்த்தார். "நீங்க மூக்குக் கண்ணாடி மாட்டி விட்டிருக்கீங்கம்மா" என்றார்.

மூக்குக் கம்பியைக் கிள்ளக் கூடாதாம். கிள்ளினால் இரண்டு பக்கமும் கூரை போலத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு வழி விடுமாம். இரு கை விரலாலும் மூக்கிலிருந்து கன்னம் வரை அழுத்திப் படிய வைக்க வேண்டுமாம். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எலாஸ்டிக் உள்ளது இவருக்கு நல்லதாம். "கழட்டினா மூஞ்சியில தடம் இருக்கணும். தடம் இல்லன்னா மாஸ்க் சும்மா அலங்காரத்துக்கு."

இத்தனை வருடத் தொழிலும் தலைகீழாயிற்று. அசடு வழிந்துகொண்டு நின்றேன். இவருக்கு மூச்சு வாங்குகிற நிலையிலும் ஒரே சந்தோஷம். அடக்கிக்கொண்டு சிரித்ததில் இருமலே வந்துவிட்டது.

ஆனால் கிளம்பும்போது டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் வாங்க. இதே மாதிரி ஊதுனீங்கன்னா ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்துருவேன். அதுக்கு நடுவுல ஒரு தடவை இழுப்பு வந்தாலும் அதேதான்."

நவம்பர் 18, செவ்வாய்

இரண்டு எலாஸ்டிக் மாஸ்க் வந்துவிட்டது. படிய வைத்து அழுத்திவிட்டேன். மூக்கில் தடம், கன்னத்தில் தடம். வெற்றி என்று நினைத்தேன்.

சாயங்காலம் வந்து கழற்றினார். வெளிப்பக்கம் சாம்பல் நிறம், சரிதான். உள்பக்கத்தைத் திருப்பினேன். மேலே மூக்குப் பக்கம் சுத்த வெள்ளை. கீழே தாடைப் பக்கம் மட்டும் ஓரத்திலிருந்து உள்ளே கறுப்பாகக் கோடு கோடாக ஓடியிருந்தது. புகை நுழைந்த வழி.

தாடி.

முடிக்கு மேல் மாஸ்க் எப்படிப் படியும்? முகத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவே அத்தனை முடி நின்றால் அத்தனை சந்து. மூக்கையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூக்குக்குக் கீழே ஒரு முகம் இருப்பது தெரியாமல் போயிற்று.

நவம்பர் 19, புதன்

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். மாஸ்க்கைத் திருப்பி மேஜையில் வைத்துக் கோடுகளைக் காட்டினேன். விரலால் ஒரு கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ட்ரிம் பண்ணிக்கிறேன்."

"பத்தாதுங்க."

"ஸ்டோருக்கே போயிடறேனே."

அந்த 'போயிடறேனே'யை என்னால் நம்பவே முடியவில்லை. தாடிக்காகவா இந்த மனிதர் மேலே ஏறுவதை விடுவார்? கோபமும் வந்தது. "சின்னப் பிள்ளையா நீங்க?" என்று கத்திவிட்டேன். எழுந்து போய்விட்டார். பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, "சின்ன வயசுல என்னை எலின்னு கூப்பிடுவாங்க. தாடையே கிடையாது எனக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நவம்பர் 22, சனி

வேலையிலிருந்து வந்தவர் மாஸ்க்கைக் கழற்றவில்லை. வீட்டுக்குள் என்னங்க மாஸ்க் என்றால், "உள்ளயும் புகை வருது" என்றார். ஜன்னலெல்லாம் மூடித்தான் இருந்தது. மாஸ்க்கோடு செய்தி பார்த்தார். மாஸ்க்கோடு மகளிடம் போனில் பேசினார். நானும் கேட்கவில்லை. எனக்கா அவசரம்? சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்.

தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"நீ அந்தப் பக்கம் பாரு."

"மாட்டேன்."

கழற்றினார். பச்சைப் பிள்ளை போல வெளுப்பாக ஒரு தாடை. எலியும் இல்லை ஒன்றும் இல்லை. நடுவில் குட்டியாக ஒரு குழி. மகளுக்கு அச்சாக அதே இடத்தில் அதே குழி. அவள் பிறந்த நாளிலிருந்து அது என் பெரியப்பாவின் தாடை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். குழியின் உண்மையான சொந்தக்காரர் அங்கே தாடிக்குள் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே மறந்துபோச்சு. நானும் அதைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் அடுக்களையில் யாரோ ஒரு ஆள் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தான். திருடன் என்று கரண்டியைத் தூக்கிவிட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இந்தப் புகைக்காலத்திலேயே மோசமான நாள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பகலிலேயே வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. அதற்குள் பெரிய சாலையில் வரிசையாக விளக்குகள் அணைந்துவிட்டன. இவரைக் கூப்பிட்டார்கள். போகாதீர்கள் என்று சொல்ல வந்தேன். பிறகு சொல்லவில்லை. மாஸ்க்கை நானே மாட்டி, இரண்டு கையாலும் அழுத்தி, ஓரத்தில் உள்ளங்கையை வைத்து ஊதச் சொல்லிப் பார்த்தேன். எங்கும் காற்று கசியவில்லை.

கடையில் ஒரு அம்மாவுக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்குப் போட்டுவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வப்போது அவருக்கும் மனசு இருக்கிறது.

இவர் வந்தார். களைப்பு. ஆனால் மாடிப்படி ஏறி வந்து முதல் வார்த்தையே, "எல்லா விளக்கும் எரியுது" என்றுதான் சொன்னார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காமல் சொன்னார். கழற்றியதும் மாஸ்க்கின் உள்பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளை. மேலே, கீழே, ஓரம், எல்லாம் வெள்ளை. தாடையைச் சுற்றிச் சிவப்பாகத் தடம். இந்தக் கையால் விழவைத்த தடங்களிலேயே எனக்குப் பெருமையான தடம் அதுதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டரம்மாவுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. "சார் வரலையா?" என்று என்னிடம் கேட்டார். இவர் இளித்தார்.

குழாயில் ஊதினார். டாக்டரம்மா மறுபடி ஊதச் சொன்னார். இன்னொரு முறை. பிறகு பேனாவை எடுத்தார். ஸ்டோருக்கான கடிதம்தான் என்று நினைத்தேன். எழுதி நீட்டியதைப் படித்தால் மருந்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். "ஆபீசுக்கு?" என்று இவர் கேட்டார், கதவைப் பார்த்துக்கொண்டு.

"ஆபீசுக்கு என்ன? போய் வேலையைப் பாருங்க."

வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றோம். இவருக்கு எதற்கோ கண் கலங்கியிருந்தது. புகை என்றார். நானும் ஆமாம் என்றேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இரண்டு நாளாக நல்ல மழை, பிறகு காற்று. வானம் நீலமாக இருக்கிறது. மாஸ்க் டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். நாளை மேம்பாலத்து விளக்குகளை மாற்றுகிறார்கள். ஊரிலேயே உயரமான கம்பங்கள். கூடையில் ஏறப்போவது இவர்தான்.

இனிமேல் தாடி வளர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய முகத்தின் மேல் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. காலையில் பார்த்தால் கண்ணாடி முன்னால் நின்று நுரை தடவிக்கொண்டிருக்கிறார்.

"புகைதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குங்க?"

"பழகிடுச்சு."

"பொய் சொல்லாதீங்க."

பிளேடைக் குழாயில் அலசினார்.

"தாடி இருந்தப்ப நீ என் சட்டை பட்டனைப் பாத்துத்தான் பேசுவே. இப்ப முகத்தைப் பாத்துப் பேசுறே."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். நாள் முழுக்க ஊரார் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பதையே நான் ஓய்வு என்று நினைத்திருக்கிறேன். இவர் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை, இப்போதும் குறையாகச் சொல்லவில்லை.

காதுக்குக் கீழே ஒரு இடத்தை விட்டிருந்தார். பிளேடை வாங்கி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நானே மழித்துவிட்டேன்.