ஜோத்பூரில் நான் சொன்ன பதில்

என் அன்பான ராஜி சம்பந்திம்மா,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் வருஷத் திதி. மயிலாப்பூரில் உங்கள் வீட்டிலேயே செய்வதாக ஏற்பாடு. சாந்தோம்காரி எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். எந்தக் கடையில் நல்ல எள் கிடைக்கும் என்பதுவரைக்கும் இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு உங்கள் பெண் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

இதில் எழுதியிருப்பதை முதலில் உங்கள் நித்யாவிடம் வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் நம்ம டூர் வாட்ஸப் குரூப்பில் போடப்போகிறேன். அந்த குரூப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது யாராவது, "ராஜி மாமி கொடுத்து வெச்சவங்க, தூக்கத்துலயே போயிட்டாங்க" என்று எழுதுகிறார்கள். கீழே வரிசையாகக் கும்பிடு. நானும் கும்பிடு போட்டிருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

என் பிரவீன் உங்கள் நித்யாவைக் கட்டிய பிறகு ஐந்து வருஷமாக நாம் என்ன பேசிக்கொண்டோம்? "மழை வருமா சம்பந்திம்மா?" "வர்றா மாதிரிதான் இருக்கு சம்பந்திம்மா." அவ்வளவுதான். என் வீட்டு மீன் வாசனை உங்களுக்கு ஆகாது. உங்கள் வீட்டில் எங்கே உட்காரலாம் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துதான் நம்மை அந்த ராஜஸ்தான் டூரில் ஏற்றிவிட்டார்கள். பன்னிரண்டு நாள், அவசரமே இல்லாத பஸ் பயணம், கூடவே கைடு, நம்ம ஊர் ரசம் வைக்க ஒரு சமையல்காரர்.

தி.நகரில் ஷூ வாங்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? மடிசார் கட்டிப் பழகின காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றீர்கள். "ஸ்டெல்லா, போலீஸ்காரி மாதிரி இருக்கேனோன்னோ?" கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பைவிட, நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான் பெரிதாக இருந்தது.

பஸ்ஸில் சீட்டுச் சண்டை வரக்கூடாது என்று மேனேஜர் பாஸ்கர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். தினம் காலையில் எல்லாரும் ஒரு வரிசை முன்னால் நகர வேண்டும், முன் வரிசைக்காரர்கள் கடைசிக்குப் போக வேண்டும். நமக்கு விழுந்தது எட்டாவது வரிசை, கடைசி. ஜெய்ப்பூர் கோட்டையை அடுத்தவர்களின் குரங்குக் குல்லாய்களுக்கு நடுவிலேதான் பார்த்தோம். உதய்பூர் ஏரியைப் பார்க்கிறபோது பாதி பஸ் முன்னேறியிருந்தோம். "எட்டாம் நாள் நமக்கு முன் சீட்டு, பாலைவன ரோடு மொத்தமும் நமக்குத்தான்" என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

மவுண்ட் அபுவில் படி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். உதடு வெளுத்துப்போயிருந்தது. "மலைக்காத்து ஒத்துக்கலை போலருக்கு" என்றீர்கள். நானும் ஆமாம் போட்டு, சமையல்காரரிடம் ஒரு சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் காலை, ஜோத்பூர். ரூமில் பெட்டியை மூட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஸ்டெல்லா, நெஞ்சை என்னமோ அடைக்கறது. நான் இன்னிக்கு இங்கேயே இருந்துடட்டுமா? நீங்க போயிட்டு வாங்கோ."

"இன்னைக்கா? ஏழு நாளா காத்துக்கிட்டிருக்கோம் சம்பந்திம்மா! வெறும் வாயுதான். முன் சீட்ல நல்லா காத்து வரும், எழுந்திரிங்க."

உங்கள் பெட்டியை நானே மூடினேன். பஸ் வாசலில் பாஸ்கர் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "யாருக்காவது உடம்பு முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. டாக்டர் பக்கத்துலயே இருக்காரு. தங்கிக்கலாம், துணைக்கு ஆள் விடறேன். கிளம்பிட்டா அப்புறம் கஷ்டம்." சொல்லிவிட்டு உங்களைத்தான் பார்த்தார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். முப்பது வருஷம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பேசின வாய் என்னுடையது, சும்மா இருக்குமா? "சம்பந்திங்க ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் க்ளாஸா இருக்கோம், வண்டிய எடுங்க சார்!" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். அப்புறம் நீங்களும் சிரித்தீர்கள். எனக்காகத்தானே சிரித்தீர்கள்? என்னை அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதானே?

அந்தச் சிரிப்பை யாரோ போட்டோ எடுத்திருந்தார்கள். நித்யா அதைப் பெரிதாக்கி எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "கடைசி நாள்ல அம்மா எவ்ளோ சந்தோஷமா இருக்கா பாருங்கோ" என்று காட்டுகிறாள். படத்தில் உங்கள் வலது கை நெஞ்சின்மேல் இருக்கிறது. சிரிப்பை அடக்கப் பார்க்கிறீர்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

ரோடு நான் நினைத்தபடியேதான் இருந்தது. இரண்டு பக்கமும் மணல், முள்செடி, நடுவில் நேர்க்கோடாகத் தார். நீங்கள் என் தோளில் சாய்ந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்து நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஒட்டகம் குட்டியோடு ரோட்டைக் கடந்தது. "சம்பந்திம்மா, ஒட்டகம் பாருங்க, குட்டி பாருங்க" என்று உலுக்கினேன். இரண்டாம் தடவை உலுக்கும்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தீர்கள்? என் தோளில் நீங்கள் இருக்கும்போது நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனே.

திரும்பி வந்ததும் எல்லாரிடமும் "தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்றேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டும்கூட, "ஒரு பொய் சொல்லிட்டேன் ஃபாதர்" என்றுதான் சொன்னேன். என்ன பொய் என்று அவரும் கேட்கவில்லை. மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

யாரிடமும் சொல்லாமல் இப்படியே இருந்து செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் நித்யா என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து அடையாறு வழியாக வந்தாள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"டூருக்கு முன்னாடி இங்க ஒரு செக்கப் பண்ணிண்டுடட்டுமான்னு அம்மா கேட்டா அத்தை. போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். நான்தான் அம்மாவைக் கொன்னுட்டேன்."

"சீ, அப்படியெல்லாம் பேசாத."

"அன்னிக்குக் கார்த்தால ஒண்ணுமே சொல்லலையா அத்தை? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. வலிக்கறதுன்னு ஒரு வார்த்தை?"

தெருவில் பஸ் போகிறது, ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "ஒண்ணும் சொல்லலம்மா, சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க" என்றேன். மறுபடியும் உங்களுக்குப் பதிலாக இந்த வாய்தான் பேசியது.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆபீஸுக்கு லீவு. வளையல் முழங்கைவரைக்கும் போகிறது. பிரவீன் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்று, "நீங்க பேசுங்கம்மா, நீங்க சொன்னாதான் கேப்பா" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? அவள் தலையில் இருக்கிற கல்லை நான் ஒருத்திதான் இறக்க முடியும். இறக்கினால் அது என்மேல்தான் விழும். எனக்குப் பெண் கிடையாது சம்பந்திம்மா. இருக்கிற பெண் இவள்தான். தெரிந்தால் இவள் என் முகத்தில் முழிப்பாளா? பிரவீன் யார் பக்கம் நிற்பான்?

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள். அந்தக் காலையில் சிரித்தமாதிரியே சிரித்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நித்யா ஹாலிலிருந்து கூப்பிடுகிறாள்: "அத்தை, தட்டு வெச்சுட்டேன், சாதம் ஆறிடப்போறது, வாங்கோ." எனக்கு மட்டும்தான் வைத்திருப்பாள். ஒரு வாரமாக அப்படித்தான்.

நான் கை கழுவுவதற்கு முன்னால் அவளை உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சை அடைக்கிறது என்று நீங்கள் சொன்னது, நான் பெட்டியை மூடியது, பாஸ்கர் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம். என்னை வெறுக்க வேண்டுமென்றால் வெறுக்கட்டும். வெறுத்துவிட்டாவது உங்கள் பெண் ஒரு வாய் சாப்பிடட்டும். இது சத்தியம்.

இந்த நிமிஷம் வரைக்கும் உங்கள் சம்பந்தி,
ஸ்டெல்லா