முதல் வீட்டுச் செம்பருத்தி

நாள் 212, காலை 07:10

செவ்வாய்க் கோள், முதல் வீடு. எழுதுபவள் பத்மாசனி, தாவரப் பிரிவு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. வெளியே வழக்கம்போலப் புழுதி.

என் சிவப்புச் செம்பருத்தியில் மூன்று பூக்கள். விரியும் முன்பே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டேன். இரண்டாம் வீட்டு ஏசுவடியான் வண்டியில் அனுப்பிய மஞ்சள் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, காம்பில் நூல் கட்டினேன். வேறு மகரந்தம் பறந்து வந்து ஒட்டக் கூடாது என்று, மற்றச் செடிகள் உள்ள அறைக்குப் போகும் காற்றுப்போக்கியை அடைத்திருக்கிறேன்.

இந்தக் கோளின் முதல் கலப்புச் செடி யார் வீட்டுக் காயிலிருந்து முளைக்கிறதோ, அவர் பெயர்தான் அதற்கு. இருப்பதே இரண்டு வீடு, இரண்டு ஆள். அவனும் என் மகரந்தத்தை வாங்கி வைத்திருக்கிறான். எனக்கு இந்தப் பெயர் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நாள் 221, மாலை 16:30

பட்டாணி அளவு காய் பிடித்திருந்தது. இன்று இரண்டு உதிர்ந்து கிடக்கின்றன, கூடவே மொட்டுகளும். பூச்சி இல்லை. வேர் நன்றாக இருக்கிறது. எனக்குக் காலையிலிருந்து தலைவலி.

அவனிடம் கேட்டேன். பதில்:

"எனக்கு மூணுமே நிக்குக்கா. நல்லா கொழுகொழுன்னு இருக்கு."

கொழுகொழுவாம்! செத்த மகரந்தம் என்றால் காயே பிடித்திருக்காது. ஆக, அரை உயிராக்கி அனுப்பியிருக்கிறான். கெட்டிக்காரன்.

நாள் 224, பகல் 12:05

அவனிடமிருந்து:

"யக்கா, மொட்டும் காயும் சேந்து உதிருதுன்னா அது மகரந்தக் கோளாறு இல்ல. காத்துல ஏதோ கலக்குது. ஒங்க சூடேத்தி சரியா எரியாம வெசவாயு கக்குதான்னு பாருங்க. தலவலி வேற சொல்லுதீய. காத்துப்போக்கியத் தொறந்து விட்டுட்டு, ரெண்டு நாளு இங்க வந்து இருங்க."

நான் வீட்டை விட்டுப் போனால் யாருக்கு லாபம்? புதிதாகத் தடவிய பூக்கள் இருக்கும்போது காற்றுப்போக்கியைத் திறக்க வேண்டுமாம். சூடேற்றி எரிகிறது, பார்த்தேன். நீலமாக எரிய வேண்டியது கொஞ்சம் மஞ்சளாக எரிகிறது. அவ்வளவுதான்.

நாள் 225, காலை 09:40

காற்று எச்சரிக்கை மணி விடாமல் கத்தியது. வானொலி வழியாக அதை அங்கிருந்தே அடிக்க வைக்க அவனால் முடியும் என்று நினைக்கிறேன். கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அப்பாடா, அமைதி.

வாந்தி. சாப்பாட்டுப் பொட்டலங்களும் அவன் வண்டியில் வந்தவைதானே. இனி அவற்றைத் தொடமாட்டேன். புதிதாகத் தடவிய பூக்களும் உதிர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஒரே காய். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் 226, காலை

மணி பார்க்கவில்லை. முள் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

வந்துவிட்டான். கதவைத் தட்டுகிறான். உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், வெளியிலிருந்து திறக்க முடியாது. வானொலியில் அழுகிறான்:

"யக்கா, கதவத் தொறங்க. ஒங்க காய நான் தொடக்கூட மாட்டேன். என் காய் மூணையும் ஒங்களுக்கே தாரேன். ஒங்க பேரையே வச்சுக்கிடுங்க. தொறங்கக்கா!"

பார்த்தீர்களா? காய்ப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவனேதான் எடுக்கிறான். தம்பி தம்பி என்று எத்தனை நாள் கூப்பிட்டிருப்பேன். எனக்கும் அழுகை வருகிறது.

நாள் 226

காய் மடியில் விழுந்தது. நான் தொடவில்லை. யாரும் தொடவில்லை.

அவன் வெளியே நிற்கிறான். காய் உள்ளே விழுகிறது. வெளியே நிற்பவன் எப்படி

அவன் செய்யவில்லை. அப்படியானால் இது அவன் இல்லை

தட்டும் சத்தம் கேட்கிறது, மெதுவாக. கதவு ஆறடி தூரம்தான். போய்த் திறக்க வேண்டும். தம்பி, இரு. வருகிறேன். கால்தான் அசைய