நாலாவது கியர்

புதன், இரவு

வல்லம் தாண்டித் திண்டிவனம் வரும் வழியில், மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரியை முந்தப் போனேன். ஐந்தாவது கியரிலேயே அழுத்தி மிதித்தேன். வண்டி இழுக்கவில்லை. லாரியைப் பாதிகூடத் தாண்டவில்லை, எதிரே பஸ்.

“நாலுக்கு வாங்க,” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி செல்வி.

“பேசாம வா,” என்றேன். அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காகவே கை கியருக்குப் போகவில்லை. பஸ்காரர் பஸ்ஸை மண்ணில் இறக்கி ஒதுங்கியதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முந்துவதற்கு முன் ஒரு கியர் குறைக்கணும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். போன மாதம் அவள் அதை மறந்தபோது, பின்னால் பிள்ளைகள் இருப்பதையும் பார்க்காமல் கத்தினேன். அழுதுகொண்டே ஓட்டினாள்.

இன்று வீட்டு வாசலிலேயே மாமியார் கேட்டார். “ஏன் மாப்ள, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாரி கீறீங்க?”

“பஸ்காரன் தாறுமாறா வந்துக்கினு இருந்தாம்மா. இவருதான் சமாளிச்சாரு,” என்றாள் செல்வி, என்னைப் பார்க்காமல்.

மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எனக்குச் சுற்றினார். மூன்று முறை துப்பச் சொன்னார்.

துப்பினேன்.