கணவாய் ஏறாத சீர்

மச்சான்,

நேற்று என் மகனுடைய வண்டிக்குப் பிளக் மாற்றக் காளவாசலுக்குப் போயிருந்தோம். டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. கடைக்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "டர்போன்னா உள்ள சூடு அதிகம் பெரியவரே. சூட்டைத் தள்ளுற பிளக்காப் பாத்துப் போடணும். மத்ததப் போட்டா பிஸ்டன் போயிரும்" என்றார். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளைப் பீங்கான் மூக்கு குட்டையாக இருந்தது. அவ்வளவுதான், மடித்துக் கட்டிய வேட்டியும் வெற்றிலை வாயுமாக நீங்கள் வந்து எதிரே நின்றுவிட்டீர்கள். "என்னப்பா, அப்படியே நின்னுட்ட?" என்றான் மகன். வெயில் என்று சொல்லி வைத்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். சில இடங்களில் பேனாவை நிறுத்தி, "இதையுமா மாமா?" என்று கேட்கிறாள். இதையும்தான்.

காளவாசலில் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே உங்கள் வேனையும் நான் ஓட்டிக்கொண்டிருந்த காலம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஊரெல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தபோதும் நீங்கள் அந்தப் பழைய பெட்ரோல் வண்டியை விடவில்லை. பெட்ரோல் விலை ஏற ஏற மண்ணெண்ணெய் கலந்தீர்கள். மண்ணெண்ணெய் குடித்தால் குட்டை மூக்குப் பிளக் கரி பிடித்து வண்டி இருமும். அதற்கு நீங்கள் கண்ட வைத்தியம் நீள மூக்குப் பிளக். அது சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கரியை எரித்துவிடும். காய்கறி மூட்டையோடு சமதளத்தில் மார்க்கெட்டுக்கு ஓடுகிறவரை வம்பில்லை. நிறைய பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால் அந்த மூக்கே கங்காகிப் பிஸ்டனைத் தின்னும். இது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். ஒரே டீக்கடை வாசலில் குத்தவைத்து, கழற்றிய பிளக்கை மாற்றி மாற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். என் கல்யாணத்துக்கு அந்த வேனுக்கு வாழைமரம் கட்டி, பொண்ணு மாப்பிள்ளையை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். "எம் மாப்ளைக்கு நான்தாண்டா டிரைவரு" என்று ஊர் எல்லையிலிருந்தே ஹாரனை அழுத்திய கை எடுக்கவில்லை. அந்த மனுஷன் எங்கே போனார் என்றுதான் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகனுக்கு மொட்டை எடுத்துக் காது குத்த நாள் குறித்தீர்கள். உசிலம்பட்டியைத் தாண்டி, கணவாய் ஏறி இறங்கினால் மலையடிவாரத்தில் உங்கள் குலசாமி கோயில். அக்காவோடு கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். பிள்ளையை என் மடியில் வைத்துத்தான் முதல் முடி இறக்க வேண்டும், என் மடியில்தான் காது குத்த வேண்டும். பிறந்த வீட்டுச் சீரைத் திருமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து ஒரு லாரி பிடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் மகனுக்கு வர்ற சீரு என் வண்டியில வந்தாத்தான் மாப்ள எனக்குக் கெத்து. எவன் லாரியோ எதுக்கு?"

"சரி மச்சான். ஆனா அம்புட்டுச் சனத்தையும் ஏத்திக்கிட்டுக் கணவாய் ஏறணும். நீள மூக்கு தாங்காது. குட்ட மூக்கு போட்டுக்கிருவோம். நீங்க பெட்ரோல் மட்டும் ஊத்துங்க."

"பெட்ரோல் மட்டுமா? கொஞ்சம் பன்னீரும் ஊத்திவிடவா?"

சிரித்தோம். நானே கடைக்குப் போய், பெட்டி பெட்டியாகப் பிரித்து, மூக்கைப் பார்த்து நாலு குட்டை மூக்கு வாங்கிவந்து உங்கள் கண் முன்னால் மாட்டினேன். மத்தியானம் நீங்கள் வண்டியை எடுத்துப் போய் டேங்கை நிரப்பி வந்தீர்கள். சாயங்காலம் சாவியை என் கையில் கொடுத்து, "எல்லாம் ரெடி, அலுங்காமக் கொண்டுவந்து சேரு" என்று சொல்லிவிட்டு, அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கோயிலுக்குக் கிளம்பினீர்கள்.

காலையில் எங்கள் சனம் மொத்தமும் ஏறியது. கிடா ஒன்று, அரிசி மூட்டை, பழத்தட்டுகள், பிள்ளைக்குப் பட்டுத்துணி, என் மடியில் முடிந்திருந்த தங்கக் கடுக்கன். அந்த வண்டியில் மண்ணெண்ணெய் வாசம் எப்போதும் இருக்கும். அன்றைக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. உசிலம்பட்டிவரை பெண்கள் குலவை போட்டுக்கொண்டே வந்தார்கள். கணவாய் மேட்டில் இஞ்சின் ஆணியடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. நான் காலை எடுப்பதற்குள் நீலப் புகை குபுகுபுவென்று வந்து, வண்டி செத்துவிட்டது.

துண்டைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினேன். நீள மூக்கு. அடுத்ததும் நீள மூக்கு. மூன்றாவதன் முனை உருகி மணியாக உருண்டிருந்தது. நான் மாட்டிய குட்டை மூக்கு ஒன்றுகூட அதில் இல்லை. அங்கேயே, அந்த ரோட்டு ஓரத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீங்கள் வழக்கம்போல மண்ணெண்ணெயைக் கலந்திருக்கிறீர்கள். குட்டை மூக்கு இருமியிருக்கும். கழற்றி எறிந்துவிட்டுப் பழையதை மாட்டியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் பாதிச் சனத்தைப் பஸ்ஸில் அனுப்பியிருப்பேன். விடியும்முன் உருட்டி உருட்டியாவது கொண்டுவந்திருப்பேன். "மாப்ள, பழசத்தான் மாட்டிருக்கேன்" என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன கேடு வந்தது மச்சான்?

என் சித்தி தொட்டியில் உட்கார்ந்தபடியே, "ஏப்பா, வண்டிக்கு வைத்தியம் பாக்குறவன் ஓட்டுற வண்டியே படுத்துருச்சுன்னா, மத்தவன் வண்டியெல்லாம் எப்பிடிப்பா எந்திரிக்கும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நல்ல நேரம் நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது. தட்டுகளைத் தலையில் வைத்து மேட்டை நடந்தே ஏறினோம். இறக்கத்தில் செங்கல் ஏற்றிப் போன லாரி ஒன்று இரக்கப்பட்டு நின்றது. சீரும் சனமுமாகச் செங்கல் மேல் உட்கார்ந்து வந்து இறங்கினோம்.

மொட்டை போட்டு, காது குத்தி, பிள்ளை அழுது ஓய்ந்திருந்தது. தல்லாகுளத்து ஆபீசில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன், முதல் நாளே பஸ்ஸில் வந்திருந்தவன், பிள்ளையை மடியில் வைத்திருந்தான். அவன் தோளில் உங்கள் மாலை. உங்களுக்கு ஆபீஸ் காரியம் எதுவானாலும் முடித்துக் கொடுக்கிறவன் அவன்தான். நேரம் போகிறது என்று பூசாரி சொல்லியிருப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களைப் பார்த்ததும் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி நீங்கள் சொன்னதை எந்தப் பூசாரியும் சொல்லச் சொல்லவில்லை.

"வாங்க வாங்க. தாய்மாமன் சீரு செங்கல் லாரியில வருது. வீடு கட்டிக் குடுக்கப் போறியா மாப்ள?"

"மச்சான், இஞ்சின் போயிருச்சு."

"வெரட்டியிருப்ப. கல்யாணம் ஆனதுலருந்தே உனக்குக் கால் தரையில நிக்கல."

உருகிய பிளக்கை உங்கள் உள்ளங்கையில் வைத்தேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். என்னையும் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு அதை மெதுவாக வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "போ, போயி மொதல்ல சாப்பிடு" என்றீர்கள். கடுக்கனை நீட்டினேன். "இருக்கட்டும், அடுத்த புள்ளைக்கு ஆகும்" என்றீர்கள். அக்கா பிள்ளையின் காதுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை.

அடுத்த பிள்ளைக்கும் தல்லாகுளத்தானையே கூப்பிட்டீர்கள். ஒரு தடவை மடி மாறினால் உரிமையும் மாறிவிடும் போல. உங்கள் மகன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, தாய்மாமன் மாலை அவனுக்குப் போனது. பந்தியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அது போகட்டும். வேனைக் கெடுத்தவன் என்று காளவாசல் முழுக்கச் சொன்னீர்களே, அதற்குப் பிறகு அங்கே ஒரு வேன்காரனும் என்னிடம் சாவி கொடுக்கவில்லை. திருமங்கலத்துக்குப் போய் டிராக்டர் வேலை பார்த்தேன். டீசல் இஞ்சினுக்குப் பிளக் கிடையாது. அங்கே யாரும் எனக்குத் தெரியாமல் கழற்றி மாட்ட முடியாது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பை என் பெண்டாட்டிக்குப் பிடிக்காது.

இந்தப் பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் பங்காளிதான் போன் பண்ணினார். "பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் கொண்டாரணும்ணே. உங்க மருமகனுக்கு உருமாவும் நீங்கதான் கட்டணும்."

"அந்தத் தல்லாகுளத்தான் என்ன ஆனான்?" என்று கேட்டேன்.

"அதெப்படிண்ணே? சாவுக்கு ஒன்னுவிட்ட மொறை செல்லாதுல்ல."

சிரிப்பதா, போனை வீசுவதா என்று தெரியவில்லை. காது குத்துக்கு மாற்றாள் உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. சாவுக்கு மட்டும் சொந்தத் தாய்மாமன்தான் வேண்டும். போனேன். உங்களுக்காகப் போகவில்லை. கோடிச் சேலையைப் போர்த்தியபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் வாயைத் தொறந்திருக்கணும்டா" என்று ஒரு தடவை சொன்னது. ஊர் ஆயிரம் சொல்லி அழுதது. என் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

கருமாதி அன்று உங்கள் மகன் மொட்டைத் தலையோடு என் முன்னால் மணையில் உட்கார்ந்தான். பேரன் எடுத்த ஆள், நெஞ்சு முடியில் நரை. உருமாத் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றும்போது காதைப் பார்த்தேன். குத்திய ஓட்டை தூர்ந்துபோய், ஒரு சின்னப் புள்ளிதான் மிச்சம். எத்தனையோ வருஷமாக அவன் அதில் ஒன்றும் போட்டதில்லையாம். இந்த ஓட்டைக்காகத்தான் மச்சான்.

"இறுக்கமா இருக்காப்பா?"

"இல்ல மாமா. சரியா இருக்கு."

சாவு வீட்டில் நாலு பேர் கேட்டார்கள். மச்சான் தங்கமான ஆள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வேறென்ன சொல்ல? உங்களிடம் பொய் வேண்டாம். உருமா கட்டியபோது பட்ட அந்தத் தலையின் சொரசொரப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. அந்தத் தலையை மொட்டையாக நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்தது.