தம்பையா திரும்பி வந்த அத்தியாயம்

மச்சான்,

நீ செத்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் படி இறங்கும்போது உன் மனைவி ஒரு பழைய பத்திரிகையை என் கையில் தந்தாள். "உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். ஏனெண்டு சொல்லேல்லை" என்றாள். மடிப்பைப் பிரித்ததும் வாசம் வந்தது. தேங்காயெண்ணெயும் பவுடரும் சவர்க்காரமும் கலந்த, அந்தோனி அண்ணனின் சலூன் வாசம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு கடதாசியில் வாசம் நிற்குமா என்று என் மருமகன் கேட்கிறார். அவருக்கு மூக்கு வேலை செய்யாவிட்டால் நான் என்ன செய்வது.

வெள்ளவத்தைக்கு வந்து, மகள் வீட்டு மேசையில் விரித்து வைத்து வாசித்தேன். கொட்டாஞ்சேனையில் நீ எங்களுக்கு வாசித்துக் காட்டிய காட்டுக் கதையின் கடைசி அத்தியாயம். பாதிக்கு மேல் போனதும் நிறுத்தி, திரும்பவும் மேலிருந்து வாசித்தேன். அச்சில் இருக்கும் முடிவு நீ வாசித்த முடிவு இல்லை. நீ வாசித்தது பத்திரிகையின் ஓரத்தில், பென்சிலால், உன்னுடைய சாய்ந்த எழுத்தில் இருக்கிறது. அச்சில் உள்ள முடிவின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கிறாய்.

உன்னோடு எனக்கு இப்போது நன்றாகச் சண்டை பிடிக்க வேண்டும். ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் இன்னும் போகாத காலம் அது. நீயும் நானும் துறைமுகத்தில் மூட்டை இறக்கினோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அந்தோனி அண்ணனின் சலூன் நிறைந்துவிடும். சவரத்துக்கு வருகிறவர்களை விடக் கதை கேட்க வருகிறவர்கள் கூடுதல். எங்களில் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். எனக்கு அப்போது எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவளோடு உட்கார்ந்துதான் நான் ஒழுங்காகப் படித்தேன். நீ சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய் வாரப் பத்திரிகையை வாங்கி வந்து, மறுநாள் சலூன் வாங்குப் பலகையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து வாசிப்பாய். வாசித்து முடிந்த பத்திரிகை அந்தோனி அண்ணனுக்குச் சொந்தம். அவர் அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பார். வாரம் முழுக்கச் சவரக் கத்தியின் நுரையை அதில்தான் துடைப்பார். எத்தனை யானையும் சிறுத்தையும் எங்கள் தாடி மயிரோடு குப்பைக்குப் போயிருக்கும்.

கதை உனக்கு மறந்திருக்காது. என் ஆத்திரம் தீரச் சொல்கிறேன், கேள். கதிரவேலுவும் தம்பையாவும் வன்னிக் காட்டில் யானைத் தடம் பார்க்கிற கூட்டாளிகள். கதிரவேலு ஒரு பழைய யானைக் குழிக்குள் விழுந்துவிடுகிறான். கயிறு தம்பையாவின் தோளில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கொள்ளைக்காரர் வரும் சத்தம் கேட்கிறது. தம்பையா கயிற்றோடு ஓடிவிடுகிறான். அந்த இடத்தில் தொடரும் போட்டுவிட்டார்கள். "கயித்தையுமெல்லோ கொண்டு ஓடிட்டான், நாய்" என்று சூசை காறித் துப்பினான். சூசைதான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி. நானும் அவனோடு சேர்ந்து தம்பையாவைத் திட்டினேன்.

அந்த வாரம்தான் நான் ஓடினேன்.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டாவது வாரம். உள்ளே போவதில்லை என்று நீயும் நானும் மாதா சொரூபத்துக்கு முன்னால் கையடித்திருந்தோம். வேலைக்கு வராதவன் பெயரை வெட்டிவிடுவதாகக் கங்காணி ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனைவிக்கு எட்டாம் மாதம். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளைக்காகப் போனேன் என்றுதான் சொன்னேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். பயத்தில் போனேன். மற்றவர்களோடு துறைமுக வாசலில் நிற்கப் போவதற்காக, நீ தினமும் போல எனக்காகச் சந்தியில் காத்து நிற்பாய் என்று தெரியும். நான் சந்தியைத் தவிர்த்து மற்ற ஒழுங்கையால் உள்ளே வேலைக்குப் போனேன். வெயில் ஏறும் வரைக்கும் நீ அந்தச் சந்தியிலேயே நின்றாயாம், பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்றாம் நாள் சவரத்துக்குப் போனபோது அந்தோனி அண்ணன் சவரக் கதிரையை மறைத்துக்கொண்டு நின்றார். "இஞ்ச உனக்குக் கத்தி இல்லை" என்றார். அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் ஒருவனை ஒதுக்கி வைக்க அது போதும். தாடியோடு நடப்பவனைப் பார்த்தால் எல்லோருக்கும் காரணம் விளங்கும். மருதானைக்குப் போய்ச் சவரம் செய்திருக்கலாம். போகவில்லை. தாடியை வளர்த்துக்கொண்டு அதே தெருவால் தினமும் வேலைக்குப் போனேன். கெட்டவன் என்று ஆகிவிட்டது, இனி எதற்குத் திரும்புவது என்ற வீம்பு. உள்ளே மா மூட்டை இறக்கும்போது பக்கத்தில் நீ இல்லாதது முதுகில் தெரிந்தது. அதை ஒருவருக்கும் காட்டவில்லை.

ஞாயிறு வந்தது. கடைசி அத்தியாயம். நான் சலூனுக்கு வெளியே, சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கத்தியைத் தடுக்கலாம், காதைத் தடுக்க முடியாதே. சூசை என்னைப் பார்த்துக்கொண்டே, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னான்.

"தம்பையா சாகோணும். கரடி கிழிக்கோணும். வேற முடிவு இருக்கேலாது."

"பொறு, வாசிக்க விடு" என்றாய் நீ. தலை நிமிரவில்லை.

ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாய். இப்போது எனக்குத் தெரிகிறது, உன் பென்சில் கோடு தொடங்குவது அந்த இடத்தில்தான். அச்சில், மூன்றாம் நாள் கரடி தம்பையாவைக் கிழித்துப் போடுகிறது. கதிரவேலு வேரைப் பிடித்துத் தானே ஏறி வந்து, பிணத்தைத் தாண்டி நடக்கிறான். துரோகிக்குக் காடு கொடுத்த தீர்ப்பு என்று கதை முடிகிறது. சூசை கேட்டது அச்சடித்தபடி உன் கையில் இருந்தது. நீ அதை வாசிக்கவில்லை. நீ வாசித்தது இது.

"மூன்றாம் நாள் காலை குழியின் விளிம்பில் ஒரு நிழல் விழுந்தது. தம்பையா நின்றான். கீழேயிருந்து கதிரவேலு கேட்டான், கயிறு கொண்டு வந்தனியா? ஓம் என்றான் தம்பையா. அப்ப போடு என்றான் கதிரவேலு."

சூசைதான் "பிறகு?" என்றான்.

"பிறகென்ன. ரெண்டு பேரும் வீட்ட போனவை. கதை முடிஞ்சுது."

அந்தோனி அண்ணன் வழக்கம்போலப் பத்திரிகைக்குக் கை நீட்டினார். நீ அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய்.

"இந்த முறை தரமாட்டன், அண்ணன்."

"அப்ப கத்திய என்ர சாரத்திலயோ துடைக்கிறது?" என்று அவர் தன் இடுப்புத் துணியைக் காட்டிப் புறுபுறுத்தார். நீ என்னைத் தாண்டித்தான் வெளியே போனாய். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை நான் பழைய சந்தியால் போனேன். துறைமுக வாசலில் வேலைநிறுத்தக்காரரின் பக்கம் போய் நின்றேன். கங்காணி உள்ளேயிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் அசையவில்லை. சூசை என் சட்டையைப் பிடித்தான்.

"ஏன்டா வந்தனி?"

பின்னாலிருந்து உன் குரல் கேட்டது.

"கயிறு கொண்டு வந்திருக்கிறான். விடு."

சூசை கையை எடுத்தான். அன்று பின்னேரம் அந்தோனி அண்ணன் கதிரையைத் துவாய்த் துண்டால் தட்டிவிட்டு, "இரு" என்றார். கத்தியை என் நாடியில், மோவாய் நுனியில் வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா ஓடினா வெட்டிப்போடுவன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு அழுததில் கத்தி நாடியில் கீறிவிட்டது. சவர்க்காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று நீதான் எல்லோருக்கும் சொன்னாய். வேலைநிறுத்தம் தோற்றது. உன்னுடைய பெயரையும் என்னுடைய பெயரையும் ஒரே நாளில் வெட்டினார்கள். இரத்மலானையில் வேறு வேலை தேடிக்கொண்டோம். அதற்குப் பிறகு நான் உன்னை ஒரு சந்தியிலும் காக்க வைத்ததில்லை.

நான் கேட்பது இதுதான். காத்து நின்றவன் நீ. விட்டுப் போனவன் நான். உள்ளதை உள்ளபடி வாசித்திருந்தால் ஒருவரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கரடியின் கதையைக் கேட்டுவிட்டு நான் திங்கட்கிழமை வந்திருக்கவும் மாட்டேன். இதெல்லாம் தெரிந்துதானே சனிக்கிழமை அந்தப் பென்சிலை எடுத்தாய். எடுத்தவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு எழுத்தாளரே என்னைப் போன்றவனை மன்னித்துவிட்டார் என்று நான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். மன்னித்தது நீ. அதற்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு நாள் கூடத் தராமல் போய்விட்டாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மருமகன் பள்ளிக்கூட ஆசிரியர். நேற்று வந்து பத்திரிகையைப் பக்குவமாகப் புரட்டினார்.

"மாமா, இது இப்ப கிடைக்காத பத்திரிகை. வாசிகசாலைக்குக் குடுப்பம். இந்தப் பென்சிலை மட்டும் அழிச்சுவிட்டா அசல் அப்பிடியே இருக்கும்."

கையில் அழிறப்பரும் இருந்தது. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். றப்பர் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. மகள் குசினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. பாவம், நல்ல மனிதர். ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. அச்சில் வந்துவிட்டால் சரியாகிவிடுமா? எழுதியவருக்குக் காட்டைத் தெரிந்திருக்கலாம், கரடியைத் தெரிந்திருக்கலாம். ஓடிப்போனவனைத் தெரியாது.

இன்று காலை மருமகனின் மைப்பேனையை எடுத்து, மங்கிப்போன உன் எழுத்தின் மேல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். என் கைக்கு உன் சாய்வு சரியாக வரவில்லை, பொறுத்துக்கொள். இனி எந்த றப்பராலும் அழிக்க முடியாது. வாசிகசாலைக்குக் கொடுப்பதானால் இப்படியே கொடுக்கட்டும். எது அசல் என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பட்டும். தம்பையா திரும்பி வந்தான். கயிற்றோடு வந்தான். அதற்குச் சாட்சியாக, நாடியில் அந்தோனி அண்ணனின் கத்தி கீறிய தழும்போடு, நான் இன்னும் இருக்கிறேன்.