வெற்றிலையோடு வரி கந்தோருக்கு

அண்ணே,

அப்பா வங்கியில் போட்ட ஈ.பி.எஃப். காசின் வட்டியில் பிடித்த வரி இன்று காலை அவர் கணக்குக்கே திரும்பி வந்துவிட்டது! "விபரம் குடுத்தா நம்மளையே வரி கட்டச் சொல்லுவாங்க" என்று நீ கத்திவிட்டு, அவர் வரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவரோடு பேசவில்லை. வருமானம் வரி எல்லைக்குக் கீழே இருந்தால் கட்ட ஒன்றுமில்லை, பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

வங்கி அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு நுவரெலியா வரி கந்தோர் அதிகாரிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"அங்க இதெல்லாம் வாங்க மாட்டாங்கப்பா."

"ஆயுசு பூரா சம்பளத்துல வெட்டுனாங்க. ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சா? இவுங்க குடுத்திருக்காங்க. வெறுங்கையோடயா போறது?"

நான் படிக்கும் ரஷ்ய நாவல்களில் கந்தோர் படி ஏறியவன் எவனும் சிரித்துக்கொண்டு இறங்கியதில்லை. அதனால் நானும் கூடப் போகிறேன்.

சோறு ஆக்கியாயிற்று. பருப்பை மட்டும் சூடாக்கிக்கொள்.

ரூபினி

பி.கு. சாயந்தரம் பஸ்ஸடிக்கு வா. காசு வந்ததைத் தன் வாயாலேயே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அப்பா வழியெல்லாம் ஒத்திகை பார்ப்பார். அவர் சொல்லும்போது, இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி "அப்புடியாப்பா?" என்று கேள்.